வங்கதேசத்துக்கு முதல் தடவை போகிறேன், பன்னிரண்டு நாள் – போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வழிப்போக்கன் (சென்னை)

எல்லாருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் தனியாக வங்கதேசம் போகலாம் என்றிருக்கிறேன். பன்னிரண்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. இதுவரை நேபாளமும் இலங்கையும் போயிருக்கிறேன், இரண்டு இடத்திலும் வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு பேர் முன்னால் போய்ப் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். வங்கதேசம் என்று தேடினால் தமிழில் அனேகமாக ஒன்றுமே அகப்படவில்லை. வீட்டில் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள், அங்கே போய் என்னத்தைப் பார்க்கப் போகிறாய் என்று.

எனக்குக் காரணம் இருக்கிறது. சின்ன வயதில் அப்பா என்னை ஒவ்வொரு ஜனவரி 25-ம் தேதியும் மூலக்கொத்தளத்துக்குக் கூட்டிப்போவார், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிர்விட்ட தாளமுத்து, நடராசன் நினைவிடத்துக்கு. வரும் வழியில் டாக்கா மாணவர்களைப் பற்றிச் சொல்வார், 1952 பிப்ரவரி 21 அன்று வங்க மொழிக்காகச் சுடப்பட்டவர்களைப் பற்றி. அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்போதிருந்தே ஆசை.

போட்டு வைத்திருக்கும் பட்டியல்: டாக்கா, சுந்தரவனம், காக்ஸ் பஜார், பந்தர்பன் மலை, ஸ்ரீமங்கல் தேயிலைத் தோட்டங்கள், பாஹர்பூர் புத்த விகாரை, தினாஜ்பூர் காந்தஜி கோயில். இவ்வளவும் முடியுமா? பணம், மொழி, சாப்பாடு எப்படி? இரவு லாஞ்சில் ஆற்றில் போவது பாதுகாப்பானதா? தெரிந்ததைச் சொல்லுங்கள்.

நூல்கண்டு (திருப்பூர்)

தம்பி, நான் டாக்காவை ஒட்டிய காஜிப்பூரில் ஒரு பின்னலாடை ஆலையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். திருப்பூர்க்காரர்கள், கொழும்புக்காரர்கள் என்று அந்தத் தொழிலில் நம் பக்கத்து ஆட்கள் அங்கே நிறைய. நீ போகிறாய் என்று படித்ததும் மனசுக்கு அவ்வளவு சந்தோஷம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பட்டியலைப் பாதியாக வெட்டு. வங்கதேசம் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம்தான் பெரியது, ஆனால் 17 கோடிப் பேர் இருக்கிறார்கள், பத்து மைலுக்கு ஓர் ஆறு குறுக்கே வரும். மேப்பில் நான்கு மணி நேரம் என்று காட்டுவதை எட்டு என்று வைத்துக்கொள். காக்ஸ் பஜாரில் 120 கிலோமீட்டருக்கு ஒரே நீளக் கடற்கரை இருக்கிறது, அந்த ஊர்க்காரர்கள் உயிரையே விடுவார்கள், ஆனால் மெரினாவில் வளர்ந்தவன் அதற்காக மூன்று நாளைக் கொடுக்க வேண்டாம். பந்தர்பனுக்கு வெளிநாட்டவர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதையும் விடு. வடக்கே பாஹர்பூரும் காந்தஜியும் அருமையான இடங்கள்தான். பாஹர்பூர் பால அரசன் தர்மபாலன் 8-ம் நூற்றாண்டில் கட்டியது, நடுவில் பெரிய மேடு, சுற்றிலும் துறவிகளுக்கு 177 அறைகள். காந்தஜி 1752-ல் முடித்த சுடுமண் கோயில், சுவரில் விரல் வைக்க இடமில்லாமல் சிற்பம். இரண்டும் அடுத்த தடவைக்கு இருக்கட்டும். நீ தெற்கே போ. அந்த நாட்டைத் தண்ணீர் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

டாக்காவில் மூன்று நாள். சதர்காட் படகுத்துறையிலிருந்து இரவு லாஞ்ச் ஏறி பரிசால். அங்கிருந்து பஸ்ஸில் பாகர்ஹாட், அப்புறம் குல்னா. குல்னாவிலோ மோங்லாவிலோ சுந்தரவனப் படகு, மூன்று பகல் இரண்டு இரவு, வனத்துறை அனுமதியைப் படகுக்காரர்களே வாங்கிவிடுவார்கள், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர் கூடவே வருவார். திரும்ப பத்மா பாலம் வழியாக டாக்கா. 2022 ஜூனில் திறந்த பாலம், 6.15 கிலோமீட்டர். முன்பெல்லாம் ஃபெர்ரிக்காகப் பாதி நாள் கரையில் கிடப்போம். மிச்ச நாளில் ஸ்ரீமங்கல்.

ஒரே ஒரு எச்சரிக்கை, ஜனவரியில் ஆற்றின் மேல் பனிமூட்டம் இறங்கினால் லாஞ்ச் நடு ஆற்றில் நங்கூரம் போட்டு நின்றுவிடும். அது கோளாறு இல்லை, சரியான வேலை. எனவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒரு நாளைச் சும்மா வைத்துக்கொள். லாஞ்சில் தனியறை எடு, அதிகச் செலவில்லை. சாயங்காலம் மட்டும் கீழ்த்தளத்தில் போய் உட்கார்.

விசா: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே எடுத்துத்தான் போக வேண்டும். 2024 ஆகஸ்டில் அங்கே ஆட்சி மாறியதிலிருந்து இரண்டு பக்கமும் விசா நடைமுறை அடிக்கடி மாறுகிறது, ஆகவே விசா கையில் வராமல் டிக்கெட் போடாதே. கொல்கத்தா–டாக்கா மைத்ரி ரயிலை நம்பிப் பழைய பதிவுகளில் எழுதியிருப்பார்கள், அது 2024 ஜூலையிலேயே நின்றுவிட்டது.

டாக்காவின் நெரிசலை எழுதினால் நம்ப மாட்டாய். உத்தராவிலிருந்து மோதிஜீல் வரை மெட்ரோ ஓடுகிறது, அதன் ஸ்டேஷன் ஒன்றுக்குப் பக்கத்தில் அறை எடு, பாதித் தலைவலி போச்சு. வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வரை தெருக்கள் காலியாக இருக்கும், பழைய டாக்காவை நடந்து பார்க்க அதுதான் நேரம்.

அப்புறம் பேச்சு. ரிக்‌ஷாக்காரரையும் டீக்கடைக்காரரையும் அங்கே எல்லாரும் "மாமா" என்றுதான் கூப்பிடுவார்கள். நம் மாமாதான், தாய்மாமன். அதை வாய் நிறையச் சொல், உனக்கு வராத வார்த்தையா. இந்தியா என்று தெரிந்தால் சிலர் கோபமாகப் பேசுவார்கள், எல்லையைப் பற்றி, தண்ணீரைப் பற்றி. வாதாடாதே, காது கொடுத்துக் கேள். காவிரிக்காக நாம் பேசுவதைத்தான் அவர்கள் தீஸ்தாவுக்கும் ஃபரக்கா அணைக்கும் பேசுகிறார்கள். ஐந்தே நிமிஷத்தில் டீ வந்துவிடும், காசு கொடுக்க விடமாட்டார்கள்.

முடிந்தால் ஒரு நாள் காலை ஏழரைக்கு காஜிப்பூர் சாலையோரம் நின்று பார். சோற்றுப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பெண்கள் வேகமாக நடந்து போவார்கள், பலருக்கு இருபது வயதுகூட இருக்காது. 2013 ஏப்ரல் 24 அன்று சாவாரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்தார்களே, அவர்களும் அன்று காலை இப்படித்தான் நடந்து போனார்கள். அந்த நாட்டைப் பார்த்தேன் என்று சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண்களைப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கடலோரம் (தூத்துக்குடி)

நூல்கண்டு அண்ணா வழியைச் சொல்லிவிட்டார், நான் வயிற்றைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் சொல்கிறேன். நானும் என் தோழியும் ஒன்பது நாள் போய் வந்தோம்.

கண் முதலில். வங்க எண்களைப் படித்துவிட்டுப் போங்கள், இரண்டு மணி நேரம் போதும். பஸ் எண், விலைப்பட்டியல், ரயில் நடைமேடை என்று பெரும்பாலும் வங்க எண்தான். இதில் ஒரு சிக்கல், நமக்கு எட்டு மாதிரித் தெரிவது அங்கே நான்கு, ஒன்பது மாதிரித் தெரிவது ஏழு. இது தெரியாமல் நாங்கள் 74 எண் இருக்கைக்குப் பதிலாக வேறொரு குடும்பத்தின் இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டோம், அவர்களோ எழுப்ப மனமில்லாமல் நின்றுகொண்டே வந்தார்கள், எங்களுக்கு விஷயம் தெரிய ஒரு மணி நேரம் ஆனது. ரயில் பெட்டிகளுக்கும் ক, খ, গ என்று அவர்கள் எழுத்து வரிசைதான், அதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: சோறும் மீனும் தின்கிறவருக்குக் கவலையே இல்லை. எல்லாவற்றிலும் கடுகெண்ணெய், முதல் நாள் மூக்கில் ஏறும், மூன்றாம் நாள் அது இல்லாமல் ருசிக்காது. "பொர்த்தா" என்று கேளுங்கள். உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், பருப்பு, இறால் என்று எதையும் பச்சை மிளகாய், வெங்காயம், கடுகெண்ணெய் விட்டுக் கையால் பிசைந்து உருண்டையாக வைப்பார்கள். அதில் "ஷுட்கி பொர்த்தா" என்றால் கருவாடு. சுட்ட கருவாட்டை மிளகாயோடு அம்மியில் அரைத்தது, சோற்றில் பிசைந்து முதல் வாய் வைத்ததும் எனக்கு எங்கள் ஆச்சி வீட்டு அடுப்படி வாசனை வந்தது, பேச்சே வரவில்லை. பழைய டாக்காவில் கச்சி பிரியாணி, கூடவே புதினாவும் மிளகும் போட்ட தயிர் பானம், "போர்ஹானி". சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் சங்காரி பஜார், தாந்தி பஜார் பக்கம் இந்துக்கள் கடைகளில் "நிராமிஷ்" என்று கேட்டால் கிடைக்கும். சங்காரி பஜாரே பார்க்க வேண்டிய தெரு, கை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தொட்டுவிடலாம் போன்ற வீடுகள், உள்ளே சங்கை அறுத்து வளையல் செய்கிற தொழில்.

இரண்டு விஷயம் வாயில் வைக்கக் கூடாது. ஒன்று, பச்சை ஈச்சஞ்சாறு, அதாவது நம் பதநீர் மாதிரி குளிர்காலத்தில் ஈச்சமரத்தில் இறக்குவது. அன்பாகத்தான் நீட்டுவார்கள். ஆனால் வௌவால் வாய் வைத்த அந்தப் பச்சைச் சாற்றில்தான் அங்கே பெரும்பாலும் நிபா வைரஸ் பரவுகிறது. காய்ச்சி எடுத்த வெல்லமும் அதில் செய்த பிட்டா என்ற அரிசிமாவுப் பலகாரமும் தாராளமாகச் சாப்பிடலாம். இன்னொன்று கிராமத்துக் கைப்பம்புத் தண்ணீர். சிவப்பு வர்ணம் அடித்திருந்தால் ஆர்சனிக் இருக்கிறது என்று அர்த்தம், பச்சை என்றால் பரிசோதித்து நல்லது என்று கண்டது. வர்ணம் உதிர்ந்தவையும் நிறைய, ஆகவே பாட்டில் தண்ணீரே நல்லது.

இதைப் படிக்கும் பெண்களுக்கு: துப்பட்டா எப்போதும் தோளில் இருக்கட்டும், மெட்ரோவில் பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு, பஸ்ஸில் முன்வரிசை இருக்கை உண்டு. முறைத்துப் பார்ப்பார்கள், அது ஓயாது, சில நாள் மிகவும் களைப்பாக இருந்தது. ஆனால் எந்த ஊரிலும் இரண்டு பெண்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் ஒரு நாளும் போகவில்லை.

பனைமரம் (யாழ்ப்பாணம்)

தம்பி, ஸ்ரீமங்கலைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் எழுதுகிறேன். ஏழு அடுக்குத் தேத்தண்ணி என்று ஒரு கண்ணாடிக் குவளையில் ஏழு நிறம் காட்டித் தருவார்கள், எல்லாரும் படம் எடுக்கப் போவது அதற்குத்தான். பார்க்க அழகு, குடிக்கச் சரியான இனிப்பு. காலையில் லவாச்சரா காட்டுக்குள் வழிகாட்டியோடு நடந்தால் ஹூலக் கிப்பன் குரங்குகள் கூவுவது கேட்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது தோட்டத்து ஆட்களைப் பற்றி. சில்ஹெட் பக்கம் 1854-ல் மால்னிச்சரா தோட்டம் தொடங்கியதிலிருந்து ஒடிசா, பீகார், சோட்டா நாகபுரி, ஆந்திரப் பக்கமிருந்து பிரித்தானியர் கொண்டுவந்து இறக்கிய சனங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கும் கொழுந்து பறிக்கிறார்கள். அதே லயம், அதே வரிசை வீடு. எங்கள் மலையகத்தைப் பார்த்தவனுக்கு ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. 2022 ஆகஸ்டில் நாட்கூலி 120 டாகாவை (அந்த நாட்டுப் பணம்) 300 ஆக்கக் கேட்டு வேலைநிறுத்தம் செய்து, கடைசியில் 170-தான் கிடைத்தது. கொழுந்து பறிக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதே. முதலில் அவர்களோடு பக்கத்தில் இருந்து கதை, பிறகு எடு. மற்றது, டாக்காவிலிருந்து ரயிலில் போ, ஸ்னிக்தா என்ற வகுப்பு நல்லது, பத்து நாளுக்கு முன்னரே இணையத்தில் டிக்கெட் எடுத்துவிட வேண்டும், கடைசி நேரத்தில் கிடைக்காது.

வழிப்போக்கன்

எல்லாருக்கும் நன்றி. காக்ஸ் பஜாரையும் வடக்கையும் அடித்துவிட்டேன். எண்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பணத்துக்கு மட்டும் வழி சொல்லுங்கள், நம் யுபிஐ வேலை செய்யுமா?

நூல்கண்டு

செய்யாது. அவர்களுடைய பிகாஷ் என்ற செல்போன் பணம் எல்லாக் கடையிலும் ஓடும், ஆனால் வெளியூர் ஆளுக்குக் கணக்கு திறப்பது லேசில்லை. டாலர் கொண்டுபோய் மாற்று. நம் ஒரு ரூபாய்க்கு ஒன்றே கால் முதல் ஒன்றரை டாகாவுக்குள் வரும், அன்றைய விலையைப் பார்த்துக்கொள். ஏர்போர்ட்டிலேயே பாஸ்போர்ட் காட்டி சிம் வாங்கிவிடு. சிஎன்ஜி என்று பச்சை ஆட்டோ, கதவெல்லாம் கம்பி போட்டிருக்கும். ஏறுவதற்கு முன் விலை பேசு, அல்லது செல்லில் பாத்தாவ் என்ற வாடகை வண்டி ஆப் போட்டுக்கொள்.

வழிப்போக்கன்

போய் வந்துவிட்டேன். வந்து மூன்று நாளாகிறது, இன்னும் காதில் ரிக்‌ஷா மணி கேட்கிறது.

முதலில் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். டாக்காவில் நான் பதிவு செய்திருந்த சின்ன லாட்ஜில் ராத்திரி பதினொரு மணிக்கு, வெளிநாட்டவரைத் தங்கவைக்க எங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பணம் திரும்ப வரவில்லை. மலிவான இடங்களில் இது சகஜமாம், போகிறவர்கள் முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்காவின் காற்று மோசம், இரண்டாம் நாளே தொண்டை கட்டியது, முகக்கவசம் கொண்டுபோங்கள்.

மொழிக்காகச் சுடப்பட்டவர்களின் நினைவிடமான ஷஹீத் மினாருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனேன். மெட்ரோவில் டாக்கா பல்கலைக்கழகம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன், மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்தில்தான், சுட்ட இடமும் அதுதான். நடுவில் தலை குனிந்த தாய் மாதிரி ஒரு வளைந்த தூண், இரண்டு பக்கமும் பிள்ளைகள் மாதிரி நான்கு, பின்னால் சிவப்பு வட்டம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். படியில் மாணவர்கள் வேர்க்கடலை தின்றுகொண்டு ஏதோ பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எங்கிருந்து என்று கேட்டான். சொன்னேன். எங்கள் ஊரிலும் மொழிக்காக இறந்தார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் 1938, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டங்களைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு அது புதுச் செய்தி. நோட்டை நீட்டி, உங்கள் மொழியில் ஏதாவது எழுதுங்கள் என்றான். அவன் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன், அவன் என் பெயரை வங்காளத்தில் எழுதிக் கொடுத்தான். அந்தத் தாள் இப்போது அப்பாவிடம் இருக்கிறது.

பாகர்ஹாட்டில் 15-ம் நூற்றாண்டு மசூதி, அறுபது குவிமாடம் என்று பெயர், எண்ணினால் அதைவிட அதிகம். கான் ஜஹான் கட்டியது. உள்ளே கல்தூண்களுக்கு நடுவே குளிர்ச்சியாக இருந்தது, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சுந்தரவனத்தில் புலி கண்ணில் படவில்லை. 2024-ல் வெளியான கணக்கில் அவர்கள் பக்கக் காட்டில் 125 புலிகள்தானாம், பார்த்தே தீருவேன் என்று யாரும் போக வேண்டாம். கட்காவில் விடியற்காலை சேற்றில் கால்தடம் பார்த்தோம், விளிம்பு இன்னும் உதிராமல் ஈரமாக இருந்தது. காவலர் ஒன்றும் பேசாமல் துப்பாக்கியைத் தோளிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டார். அந்த ஐந்து நிமிஷம் போதும் எனக்கு.

ஸ்ரீமங்கலில் பனைமரம் அண்ணன் சொன்னபடி இருந்து கதைத்தேன். அதைத் தனியாக எழுத வேண்டும்.

லாஞ்சைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சதர்காட்டில் நான்கு மாடி உயரத்துக்கு லாஞ்சுகள் மூக்கைக் கரையில் இடித்துக்கொண்டு வரிசையாக நிற்கின்றன, புரிகங்கா தண்ணீர் தார் மாதிரி கறுப்பு, நாற்றம் வயிற்றைப் புரட்டுகிறது, அதற்கு நடுவே ஒற்றைத் துடுப்புப் படகுகள் புகுந்து புகுந்து போகின்றன. கிளம்பி ஒரு மணி நேரத்தில் நாற்றம் போய்க் குளிர்காற்று. நூல்கண்டு அண்ணன் சொன்னாரே என்று கீழ்த்தளத்துக்குப் போனேன். குடும்பம் குடும்பமாகப் பாய், போர்வை விரித்துப் படுத்திருந்தார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்துப் போர்வையை ஒதுக்கி இடம் கொடுத்தார். எந்த ஊர் என்றார். சென்னை என்றேன். அவர் முகம் மாறியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "வேலூர்!" என்றார். சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சில் நீளமாக ஓடும் தழும்பைக் காட்டினார். ஏழு வருஷத்துக்கு முன்னால் வேலூரில் இதய ஆப்பரேஷன். இருந்த நிலத்தில் பாதியை விற்று வந்தாராம், நாற்பது நாள் தங்கியிருந்தாராம். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார்: தண்ணி. சாப்பாடு. எவ்வளவு. வலி இருக்கா. இந்தக் கடைசிச் சொல்லை நர்ஸ் தினமும் கேட்டதாம். அதைச் சொல்லும்போது அந்த நர்ஸ் மாதிரியே தலையைச் சாய்த்துச் சொன்னார். சுற்றிலும் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள், அந்தக் கூட்டத்தில் இன்னும் மூன்று பேர் வேலூர் போனவர்கள் இருந்தார்கள். அவர் மனைவி தூக்குவாளியைத் திறந்து சோறும் மீனும் போட்டுக் கொடுத்தார். எனக்குத் தனியறை இருந்தும் நான் அன்று மாடி ஏறவில்லை. நடுராத்திரி பனிமூட்டத்தில் லாஞ்ச் நின்றுபோனது, ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது, நான்கு மணி நேரம் தாமதமாகத்தான் பரிசால் சேர்ந்தோம்.

இப்போது உங்களிடம் ஒரு உதவி. அவருக்கு மறுபரிசோதனைக்கு ஏப்ரலில் வேலூர் வர வேண்டும். மருத்துவ விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறார், வந்துவிடும் என்று நம்புகிறார். கொல்கத்தா வந்து ரயிலில்தான் வருவார், கூட மனைவி மட்டும். ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரத்தில் நல்ல அறை, சமைத்துக்கொள்ள வசதியோடு, யாருக்காவது தெரியுமா?

கடலோரம்

காட்பாடியில் இறங்கச் சொல்லுங்கள், அங்கிருந்து ஆட்டோ. ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள சந்துகளில் வங்காளத்திலேயே பெயர்ப்பலகை போட்ட லாட்ஜுகளும் மீன் சாப்பாட்டுக் கடைகளும் நிறைய இருக்கின்றன, அடுப்பு, பாத்திரத்தோடு அறை தருவார்கள். என் சித்தப்பா வீடு வேலூரில்தான். சித்தி நேரில் போய் அறையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். மாடிப்படி ஏறுவாரா, கீழ்த்தளம்தான் வேண்டுமா என்று மட்டும் அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.